படிக்கக் கேட்ட வண்டி

பாறைக்குளம் பத்திர எழுத்தர் பிரமநாயகத்தின் மோட்டார் சைக்கிள் மாவரைக்கத் தொடங்கியது ஆனி மாதம் மூன்றாவது வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு என்பதில் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அரைத்த மாவில் இட்லி எப்படி வந்தது என்பதில்தான் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது. பஞ்சு மாதிரி வந்தது என்பது மேலத்தெருக் கட்சி. உளுந்து இன்னும் கொஞ்சம் ஓடியிருக்க வேண்டும் என்பது கீழத்தெருக் கட்சி. மோட்டார் சைக்கிள் எப்படி ஐயா மாவரைக்கும் என்று கேட்க மூன்றாவதாக ஒரு கட்சி உருவாகவே இல்லை. பாறைக்குளத்துக்காரர்களுக்கு அப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது, அரிசியை ஊறப்போட வேண்டியிருந்தது.

ஆனால் விஷயம் மாவில் தொடங்கவில்லை, ஒரு சத்தத்தில் தொடங்கியது. பங்குனி மாதத்தில் ஒரு நாள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த ஆவுடையம்மாள், "பின் சக்கரத்துல கட கடன்னு ஒரு சத்தம் வருது, கேக்குதா?" என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பிரமநாயகம் "இல்ல" என்றார். சித்திரை முழுக்க அவள் கேட்டாள், அவர் இல்லை என்றார். வைகாசியில் அவள் கேட்பதை நிறுத்தினாள். பெண்டாட்டி கேட்பதை நிறுத்திவிட்டால் சத்தமும் நின்றுவிட்டது என்று நினைக்கிற ஆண்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு, பிரமநாயகம் அவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில், சங்கரன்கோவிலில் இருக்கும் ஆவுடையம்மாளின் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் வழியில், ஊருக்கு முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் பொட்டல் நடுவில் வண்டி நின்றது. அவள் அரக்குப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ வாடி வதங்க, உச்சி வெயிலில் மூன்று கிலோமீட்டர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினாள்; அவர் முன்னாலிருந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வழி சொன்னார். தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். சாப்பிட்டு எழுந்ததும் ஆவுடையம்மாள் கையைக் கழுவிவிட்டுச் சொன்னாள்:

"நான் இங்கனயே இருக்கேன். கோவில்ல ஆடித்தபசுத் திருநாள் முடியுததுக்குள்ள இதே வண்டியில வந்து கூப்பிட்டியள்னா வாரேன். பஸ்ஸுல வந்தாலும் வரமாட்டேன், கார்ல வந்தாலும் வரமாட்டேன். தபசு முடிஞ்சுட்டுன்னா திருப்பூருக்கு மவ வீட்டுக்குப் போயிருவேன், பொறவு நீங்க ஏரோப்ளேன்ல வந்தாலும் நான் இல்ல."

இருபத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு பேச்சு சொல்லி மாற்றியது கிடையாது. பிரமநாயகம் வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு தனியாக ஊருக்கு வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் காப்பி போட அடுப்படிக்குள் நுழைந்தவருக்குச் சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்பது டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, சீனி இல்லாமலே குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மறுநாளே வண்டியை மெக்கானிக் காசிமணியின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். பிரமநாயகம் போகமாட்டார். முப்பத்திரண்டு வருடமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, கிரயமும் தானமும் பாகப்பிரிவினையுமாக ஊரின் நிலம் அத்தனையையும் எழுத்தில் பிடித்து வைத்திருக்கிற மனிதர் அவர். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல், கையைக் கரியாக்கிக்கொண்டு, "விடுங்க அண்ணாச்சி, பாத்துக்கலாம்" என்று சொல்லுகிற ஒரு தொழிலை எப்படி நம்புவார்? எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இருப்பதைச் சம்பந்தப்பட்டவர் காதில் விழும்படி முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். நடுவில் இருமல் வரலாம், இடி விழலாம், நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பத்திரம் செல்லாது. வாசிக்கக் கேட்டவர் சரி என்றால் அதுதான் சட்டம். வீட்டில் பிரஷர் குக்கர் வாங்கியபோதுகூட அதன் கூட வந்த புத்தகத்தை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற விட்டார். ஆவுடையம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள், குக்கரும் கேட்டது. அவள் ஒருமுறை, "எனக்கும் வண்டி ஓட்டச் சொல்லித்தாங்களேன்" என்று கேட்டபோது, "மொதல்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிடணும்ட்டி" என்றாரே ஒழிய, எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆகவே வண்டியைத் தானே கழற்றி, தானே மாட்டினார். மாட்டி முடித்தபோது ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறைய நட்டும் போல்ட்டும் மிஞ்சியது. அப்போதுதான், இதற்கென்று ஒரு புத்தகம் இருக்குமே என்று தோன்றி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் பீர்முகம்மதுவிடம் போனார். பீர்முகம்மது அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர், புத்தகங்களை எடைபோட்டு விற்பவர், எதையும் திறந்து பார்த்தவர் இல்லை.

"மெக்கானிக் புஸ்தகமா? இந்தக் கட்டு பூராவும் அதான் வே. எது உம்ம வண்டிக்குப் பொருந்துமோ எடுத்துக்கிடும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க மாதிரி ஒவ்வொண்ணாப் புரட்டாதீரும்."

புரட்டாமல் கட்டோடு எடுத்து வந்ததுதான் வினை. படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர், அட்டை கிழிந்திருந்த மேல் புத்தகத்தை உருவி, வியாழக்கிழமை காலை குளித்துத் திருநீறு பூசி, வண்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் "அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைக்கவும்" என்று வந்தபோதே இது கிரைண்டர் புத்தகம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் தொடங்கியதை நிறுத்த முடியாதே. பதினோரு பக்கத்தையும் வாசித்து, கடைசியில் பழக்க தோஷத்தில், "வாசிக்கக் கேட்டேன், சம்மதம்" என்று வண்டியின் சார்பில் அவரே சொல்லி முடித்தார். வண்டி ஒருமுறை குலுங்கியது. பெட்ரோல் டேங்கின் மூடி தானாகத் திறந்துகொண்டது. உள்ளே கல் சுற்றுகிற சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுக்காரியும் பஞ்சாயத்துத் தலைவியுமான பொன்னுத்தாய் அப்போது கையில் ஊறின அரிசியோடு மிஷினுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நின்று பார்த்தாள். "பெட்ரோல் வாடை அடிக்குமோ அண்ணாச்சி?" என்று ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. அவள் அரிசியை டேங்கில் கொட்டினாள். பக்கவாட்டில் டூல்ஸ் வைக்கிற பெட்டியின் வழியாக மாவு வெள்ளை வெளேரென்று வழிந்தது. வாடை துளிகூட இல்லை.

பொன்னுத்தாய் கொண்டுவந்த மிக்ஸி புத்தகத்தையும் வாசித்துப் பார்த்ததில், அன்று மதியத்துக்குள் விஷயம் ஊருக்குப் புரிந்துபோயிற்று: இந்த வண்டி எந்தப் புத்தகத்தை வாசிக்கக் கேட்கிறதோ அந்தப் புத்தகம் சொல்லுகிற சாமானாக ஆகிவிடும், அடுத்த புத்தகம் வாசிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும். புரிந்தவுடன் பாறைக்குளத்தார் செய்த முதல் காரியம் ஏணியை எடுத்தது. பரணில் ஏறினார்கள். பல வருடமாகப் பல்லியும் பாச்சையும் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களெல்லாம், தையல் மிஷின் புத்தகம், டேபிள் ஃபேன் புத்தகம், பூச்சிமருந்து அடிக்கிற ஸ்பிரேயர் புத்தகம், எங்கோ துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து இங்கே ஒரு நாள்கூட ஓடாத வாஷிங் மிஷினின் புத்தகம் எல்லாம் கீழே இறங்கித் தூசி தட்டப்பட்டு வரிசையில் வந்து நின்றன. வண்டி தைத்தது. வண்டி துவைத்தது. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று நாள் ஜெனரேட்டராக இருந்து சீரியல் செட்டு விளக்கு எரித்தது. கொடை முடிந்த மறுநாள் பஞ்சாயத்துக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோகவே, பொன்னுத்தாய் பம்புசெட் புத்தகத்தோடு வந்தாள். வண்டி சைலன்ஸர் வழியாக ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டது. குடங்கள் வரிசையாக நிற்க, யாருக்கு எந்த நேரம் என்று பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட்டார்கள். வரிசையை முந்தினான் என்று இரண்டு சண்டை வந்தது. வேறு குறை ஒன்றுமில்லை.

வண்டிக்காரர் ஒருவருக்குத்தான் குறை. ஊரே வண்டியைக் கொண்டாடியது, ஆனால் அது மற்ற எல்லாமாகவும் இருந்தது, வண்டியாகத்தான் இல்லை. ஆடி பிறந்துவிட்டது. சீனி டப்பாவை மட்டும் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அது அவருக்கு ஒரு சந்தோஷத்தையும் தரவில்லை. இதை யாரிடம் சொல்லுவது என்று நினைத்தபோது, சொல்லவேண்டிய ஆள் சங்கரன்கோவிலில் இருந்தாள். அவள் இல்லாமல் தன்னால் முடியாது என்று அன்றைக்கு அவருக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது.

இந்தமுறை கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதில் மோட்டார் சைக்கிளுக்கென்று இரண்டு புத்தகம் தேறியது. தண்ணீர் பிடிக்கும் முறை முடிந்த ஒரு மத்தியானம், முதலில் தடிமனான வெளிநாட்டுப் புத்தகத்தை, தெரிந்த இங்கிலீஷையும் தெரியாத இங்கிலீஷையும் சேர்த்து, இரண்டரை மணி நேரம் வாசித்தார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனிதருக்கு. ஆனால் தெருவுக்கு வந்ததும் அது சாலையின் வலது பக்கமாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தது. அந்தத் தேசத்தில் அப்படித்தானாம். எதிரே வந்த தென்காசி பஸ்ஸின் டிரைவர் பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டி, பிரமநாயகத்தின் மூன்று தலைமுறையை விசாரித்தார். இருபத்தாறு கிலோமீட்டர் இப்படிப் போனால் போய்ச் சேரவேண்டிய இடம் சங்கரன்கோவில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

இரண்டாவது, 'இருசக்கர வாகனப் பழுதும் பரிகாரமும்' என்ற தமிழ்ப் புத்தகம். தலைப்பே மங்களகரமாக இருந்தது. மறுநாள் அதை வாசித்தார். வண்டி புகைந்தால் இன்ன காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அருகிலுள்ள மெக்கானிக்கை அணுகவும். சத்தம் வந்தால் இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம், அருகிலுள்ள மெக்கானிக்கை அணுகவும். எழுபத்தெட்டுப் பக்கத்திலும் ஒவ்வொரு அத்தியாயமும் இதே வாக்கியத்தில் முடிந்தது. அவர் கடைசிப் புள்ளியை வாசித்ததும் வண்டி ஸ்டாண்டைத் தானே மடக்கிக்கொண்டு, தெருவில் இறங்கி, யாரையும் ஏற்றிக்கொள்ளாமல், நேரே காசிமணியின் கொட்டகைக்குப் போய் நின்றது. பின்னாலேயே வேட்டியைப் பிடித்துக்கொண்டு பிரமநாயகம் ஓடினார்.

காசிமணி டீ குடித்துக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், டீயை முடித்தான்.

"வாங்க அண்ணாச்சி. பத்தொன்பது வருசத்துல இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சிருக்கு."

"நான் வரல, அதுவா வந்துட்டு."

"அதுக்காவது தெரிஞ்சுதே."

"ரிப்பேர் பண்ணித் தருவியா மாட்டியா?"

"நான் எப்படித் தொட முடியும்? புஸ்தகம் கேட்டு வளந்த வண்டி இது. நான் ஸ்பேனரை வச்சா அது ஸ்பேனர் கம்பெனி புஸ்தகத்தைக் கேக்கும். உங்க வண்டிக்கு உங்க வண்டியோட புஸ்தகம்தான் வேணும். அதை எவனும் அச்சடிக்கல, நீங்கதான் எழுதணும்."

"நான் எழுதுவேன். ஆனா என்ன எழுத? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஓட்டுததுதானே?"

"ஓட்டுதவனுக்கு ரோடுதான் தெரியும் அண்ணாச்சி. வண்டியப் பத்திப் பின்னாடி உக்காந்து வந்தவங்களக் கேளுங்க. என்கிட்ட வர்ற ஆம்பளைங்க எவனும் ஒழுங்கா வியாதி சொன்னதில்ல. வீட்டம்மா சொன்னாத்தான் எனக்கே வெளங்கும்."

பிரமநாயகம் குனிந்து வண்டியின் பின் சக்கரத்தைப் பார்த்தார். பங்குனியும் சித்திரையும் நினைவுக்கு வந்தன.

அதற்குள் தண்ணீர் வராத குடங்களோடு பொன்னுத்தாயும் பாதித் தெருவும் வந்துவிட்டார்கள். "இந்தாங்க, கேட்டுக்கிடுங்க" என்றாள் அவள். "மழை வாரவரைக்கும் இது பம்புசெட்டுதான்னு தீர்மானம் போட்டாச்சு. மோட்டார் சைக்கிள் ஊருல நூறு கெடக்கு. தண்ணி விடுத மோட்டார் சைக்கிள் இது ஒண்ணுதான். மயினிய நான் பஸ்ஸுல போயிக் கூட்டியாரேன்."

"அவ வரமாட்டா தாயி. என் குடும்பம் இந்த வண்டியிலதான் இருக்கு." எல்லோர் முன்னாலும் அவர் குரல் உடைந்துவிட்டது. குடங்கள் கொஞ்சம் கீழே இறங்கின.

"கெணத்து மோட்டாரு என்னாச்சு?" என்று காசிமணி கேட்டான்.

"எரிஞ்சுபோச்சு. பதினஞ்சு நாளாச்சு."

"என்கிட்டச் சொல்லலியே?"

"நீ கேக்கலியே" என்றாள் பொன்னுத்தாய்.

"நீங்க சொல்லலியே" என்றான் காசிமணி. சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனான். எந்தப் புத்தகமும் வாசிக்காமல் மறுநாள் மத்தியானம் மோட்டாரை ஓடவிட்டான். ஊர் வண்டியை விட்டுக்கொடுத்தது, முழு மனதோடு என்று சொல்ல முடியாது. வாஷிங் மிஷினுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது.

தபசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிரமநாயகம் பஸ்ஸில் சங்கரன்கோவிலுக்குப் போனார். திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டு, மச்சினன் வீட்டு வாசலுக்குப் போனால், ஆவுடையம்மாள் கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"பஸ்ஸுலயா வந்திய?"

"உன்னக் கூப்பிட வரலட்டி. ஒரு ஆவணம் எழுத வந்திருக்கேன்."

"என்ன ஆவணம்?"

"வண்டியப் பத்தி. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லு. நான் எழுதிக்கிடுதேன். நடுவுல பேசமாட்டேன்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இளைத்திருந்தார். சட்டையின் மூன்றாவது பித்தான் இல்லை. உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து கதவுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, பேனாவைத் திறந்தார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பத்தொன்பது வருடம் பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது! எந்தப் பாலத்தில் ஸ்பீடைக் குறைத்தால் வண்டி அணைந்துபோகும், மழை பெய்தால் எந்தப் பக்கம் சாய்த்து உதைக்க வேண்டும், எத்தனையாவது உதையில் புறப்படும், எத்தனையாவது உதையில் அவர் கெட்ட வார்த்தை சொல்லுவார், எல்லாம் ஒழுங்காக வந்தன. "மேடு வருதுன்னு தெரிஞ்சும் கடைசிவரைக்கும் கியர மாத்த மாட்டிய, அது மூச்சுமுட்டிச் சாகும்" என்றாள். அவர், 'மேடு வருமிடத்து மேற்படி வண்டியானது முன்கூட்டியே கியர் மாற்றப்பட வேண்டியது. மாற்றாதவர் பிரமநாயகம்' என்று எழுதினார். "ஆலமரத்து வளைவுல நான் தோளப் புடிச்சா பயந்துபோயிப் புடிக்கேன்னு அர்த்தம், ஆசையில இல்ல" என்றாள். அதையும் எழுதினார், எழுதும்போது காது சிவந்தது. "பின் சக்கரத்துல கட கடன்னு சத்தம் வரும்" என்றாள். அவர் தலை நிமிராமல் எழுதினார். நான்கு மணி நேரம் ஆயிற்று, பதினேழு தாள் ஆயிற்று. நடுவில் அவள் கம்பி வழியாக ஒரு தம்ளர் காப்பி நீட்டினாள். அதில் சீனி இருந்தது, சரியான அளவில் இருந்தது.

"சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்று கடைசித் தாளை உள்ளே கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு கையெழுத்துக்கு ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கழித்து வந்து, நாலாக மடித்துக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் அதைப் பிரித்துப் பார்க்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடத் தொழிலில் இது இரண்டாவது தடவை; முதல் தடவை மாவரைத்தது என்பதையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

ஆடித்தபசு அன்று காலை, பாறைக்குளமே திரண்டு நிற்க, பீர்முகம்மதுவும் காசிமணியும் பொன்னுத்தாயும் முன்வரிசையில் நிற்க, பிரமநாயகம் வண்டிக்கு வாசித்தார்: "பாறைக்குளத்தில் வசிக்கும் நீல நிற மோட்டார் சைக்கிளாகிய உனக்கு, மேற்படி ஊரில் வசிக்கும் பிரமநாயகம் ஆகிய நான், என் மனைவி ஆவுடையம்மாள் சொல்லக் கேட்டு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவுடன் எழுதி வாசித்துக் காட்டும் ஆவணம் யாதெனில்..." பாலம் வந்தது, மழை வந்தது, மேடு வந்தது, ஆலமரத்து வளைவு வந்தபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வண்டி ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு இடத்தில் மெல்ல முறுக்கிக்கொண்டு சரியாகிக்கொண்டே வந்தது. கிண்ணத்தில் மிஞ்சிக் கிடந்த நட்டும் போல்ட்டும் ஒவ்வொன்றாக உருண்டு போய்த் தத்தம் இடத்தில் ஏறின. கடைசித் தாளைப் பிரித்தார். அவர் எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே, ஆவுடையம்மாளின் குண்டு குண்டான எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அவர் குரல் தடுமாறியது. ஆனால் நிறுத்தினால் பத்திரம் செல்லாது.

"மேலும்... மேற்படி வண்டியில் இனிமேல் முன்னால் உட்கார வேண்டியவள் ஆவுடையம்மாள். பின்னால் உட்கார வேண்டியவர் பிரமநாயகம்."

பொன்னுத்தாய்தான் முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும்.

"படிச்சுப் பாக்காமலா வாங்கிட்டு வந்தீரு வே?" என்று கேட்டார் பீர்முகம்மது, வாழ்க்கையில் எதையும் படித்துப் பார்க்காதவர்.

பிரமநாயகம் முன்னால் ஏறி உட்கார்ந்து உதைத்தார். பத்து உதை உதைத்தார். வண்டி கல்லாக நின்றது. இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார். சாயங்காலத்தோடு தபசு முடிந்துவிடும். அவளை நினைத்தார். பேசாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி தானாக ஒரு உறுமல் உறுமி, முன் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, இடது பக்கமாக, ஒழுங்காக, சங்கரன்கோவில் சாலையில் கிளம்பிப் போனது.

வழியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. திருவிழாக் கூட்டத்துக்காக நிறுத்தியிருந்த போலீஸ்காரர் ஒருவர் மட்டும் கையைக் காட்டினார். வண்டி மரியாதையாக ஓரங்கட்டி நின்றது.

"முன்னால யாரு?"

"இன்னும் ஏறலய்யா. சங்கரன்கோவில்ல ஏறுவாங்க."

போலீஸ்காரர் யோசித்தார். பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போட்டிருந்தார். முன்னால் ஆள் இல்லாததற்கு வழக்குப் போட அவருக்குத் தெரிந்து பிரிவு எதுவும் இல்லை. "அம்மாவ ஹெல்மெட் போடச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மேடுகளில் முன்கூட்டியே கியர் மாறியது. ஆலமரத்து வளைவில் பிரமநாயகத்தின் கை தானாக முன்னால் நீண்டது. பிடிக்க முன்னால் ஒரு தோள் இல்லையே என்று தவித்தார். பத்தொன்பது வருடமாக அவள் இப்படித்தானா உட்கார்ந்து வந்தாள், வழியும் தெரியாமல், ஒரு தோளைத் தவிர வேறு பிடியும் இல்லாமல், முன்னால் ஒரு முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டார்.

மச்சினன் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது கம்பிக் கதவு திறந்தே இருந்தது. ஆவுடையம்மாள் அதே அரக்குப் பட்டுச்சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்து, பையோடு நின்றாள். அவர் இறங்கப் போனார்.

"எறங்காதிய, உக்காருங்க" என்றாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் முத்திரை போட்டு, அவள் போட்டோ ஒட்டிய எல்.எல்.ஆர். "வந்த மறுவாரமே எழுதிப் பாஸாயிட்டேன். நீங்கதான சொன்னிய, மொதல்ல படிக்கணும்னு. படிச்சேன். பழகுதவங்க வண்டி ஓட்டணும்னா பின்னால லைசென்ஸ் உள்ள ஆளு ஒருத்தர் உக்காந்திருக்கணுமாம், அதுல போட்டிருக்கு. அதுக்குத்தான் உங்கள வண்டியோட வரச்சொன்னேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணன் கொடுத்த ஹெல்மெட்டைப் பூ நசுங்காமல் வைத்து, முன்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி அவளுக்காகவே காத்திருந்ததுபோல் முதல் உதையில் கிளம்பியது. தேரடி தாண்டி, கூட்டம் தாண்டி, பொட்டல் சாலைக்கு வந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"பின் சக்கரத்துல கட கடன்னு ஒரு சத்தம் வருதே, கேக்குதா?"

வரும்போதே இருபத்தாறு கிலோமீட்டரும் அது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருந்தார் பிரமநாயகம். அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதுட்டி" என்றார். "நல்லாக் கேக்கு."